வீடியோ கேம் நாவல்: எங்கே தவறுகிறோம்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கோவைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் பலருக்கு பஸ்ஸில் மொபைல் கேம்தான் துணை. அவர்களில் வாசிக்கிற பழக்கம் உள்ளவர்கள் உக்கடம் பழைய புத்தகக் கடையில் கேம் பெயர் போட்ட ஆங்கில நாவலைப் பார்த்தால் விடமாட்டார்கள். ஆனால் பாதிப் பேர் இருபது பக்கத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஏற்கெனவே ஆடி முடித்த கதையையே மறுபடி சொல்கிற நாவலில் தொடங்குவதுதான் முதல் தவறு. விண்வெளிப் போர் கேமான 'ஹேலோ'வின் நாவல் வரிசையில் 2003இல் வந்த 'தி ஃபிளட்' பெரும்பாலும் முதல் கேமின் கதைதான். நாமே சுட்டு முடித்த சண்டையை இன்னொருவர் விவரித்துக் கேட்பதில் என்ன சுவை? அதற்குப் பதில் எரிக் நைலண்ட் எழுதிய 'தி ஃபால் ஆஃப் ரீச்' எடுங்கள். 2001இல் கேமுக்குச் சற்று முன்பே வந்துவிட்டது. கேமில் ஹெல்மெட்டுக்குள் முகமே தெரியாத நாயகன் மாஸ்டர் சீஃப், இதில் ஜான் என்கிற ஆறு வயதுப் பையன். டாக்டர் ஹால்ஸி என்கிற விஞ்ஞானி ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டு அவனைச் சோதிக்கிறார். அப்புறம் அசாத்திய வீரர்களாக மாற்றுவதற்காக அவனையும் சேர்த்து 75 குழந்தைகளைக் கடத்திக்கொண்டு போய், வீட்டில் அவர்களைப் போலவே நகல் குழந்தைகளை விட்டுவிடுகிறார்கள். உடலை வலுவாக்க பதினான்கு வயதில் நடக்கும் அறுவைச் சிகிச்சையில் 30 பேர் செத்துப்போகிறார்கள். இதைப் படித்தபின் மாஸ்டர் சீஃப்பின் கவசத்தைப் பழைய மாதிரிப் பார்க்கவே முடியாது. கேமில் காட்ட இடமில்லாத இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான் நாவல்.

கதை நடக்கும் கால வரிசைப்படி படிக்கவும் கிளம்பாதீர்கள். 'ஹேலோ'வில் அப்படிப் போனால் கிரெக் பேர் எழுதிய, ஒரு லட்சம் ஆண்டு முந்தைய கதையில் போய் மாட்டிக்கொள்வீர்கள். அருமையான நாவல்கள்தான், ஆனால் புதியவருக்குத் தலை சுற்றும். வெளிவந்த வரிசையே நல்லது.

கேமும் நாவலும் முரண்பட்டால் கோபப்படுவது இன்னொன்று. ரீச் கிரகம் வீழ்வதை 2010இல் வந்த 'ஹேலோ: ரீச்' கேம் வாரக்கணக்கில் காட்டுகிறது. நாவலில் எல்லாம் மளமளவென்று ஒரே நாளில் முடிகிறது. இரண்டையும் தனித்தனிக் கதையாக எடுத்துக்கொண்டால் போதும்.

அணு ஆயுதப் போருக்குப் பிறகு மாஸ்கோ மெட்ரோ ரயில் சுரங்கங்களில் வாழும் மனிதர்களின் கதையான 'மெட்ரோ 2033' படிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே நாவல்தான் முதலில். த்மித்ரி குளுகோவ்ஸ்கியின் புத்தகம் அச்சில் வந்தது 2005இல், கேம் 2010இல். துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நாயகன் ஆர்த்தியோம் சுரங்கப்பாதையில் நடக்கிறான், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உட்கார்ந்து ஆட்கள் பேசுவதைக் கேட்கிறான். அந்தப் பேச்சுகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆயுதப் பெயர்கள் புரியாவிட்டால் தாராளமாகத் தாண்டலாம்.