ஹால்ஸ்டாட்டும் கோசாவ் ஏரியும்: வசந்தகாலத்தில் ஒரு நாள் சுற்றுவது எப்படி?

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரையில் கூர்க்கோபுரத் தேவாலயம், மலைச்சரிவில் அடுக்கடுக்காக மர வீடுகள். சுமார் 750 பேர் வாழும் சின்ன ஊர் அது. பகலில் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் கூட்டம் அதைவிடப் பல மடங்கு. அதனால் காலையும் மாலையும் ஊரில் இருங்கள், நடுப்பகலில் மலையில் இருக்கும் கோசாவ் ஏரிக்குப் போய்விடுங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

மே பாதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நல்ல காலம். ஏப்ரலில் கீழே பூ இருக்கும், ஆனால் மேலே பனி கிடக்கும். கோசாவ் ஏரியின் நீரில் மின்சாரமும் எடுக்கிறார்கள். அதனால் குளிர்காலம் முடியும்போது நீர்மட்டம் இறங்கி, கரை வெறுமையாகத் தெரியும். பனி உருகி ஓடிவந்த பிறகுதான் ஏரி நிரம்பி அழகு கூடும்.

தேதி ஒத்துவந்தால் கிறிஸ்துவின் திருவுடல் திருநாளில் போங்கள். ஈஸ்டருக்குப் பின் 60ஆம் நாள் அது. வானிலை இடம்கொடுத்தால் ஹால்ஸ்டாட் ஏரியின் மேல் படகுகளில் ஊர்வலம் நடக்கும்.

படி 2: முந்தைய நாளே போய்ச் சேருவது

சால்ஸ்பர்க்கிலிருந்து 150ஆம் எண் பேருந்தில் பாட் இஷ்ல், அங்கிருந்து ரயில். ரயிலில் வலப்பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள், ஏரி அந்தப் பக்கம்தான் வரும். ஹால்ஸ்டாட் ரயில் நிலையம் ஊருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. ரயில் நேரத்தையொட்டி ஒரு படகு வந்து நிற்கும், ஏறினால் பத்து நிமிடத்தில் ஊர். மாலையில் படகு சீக்கிரமே நின்றுவிடும் என்பதால் கடைசிப் படகின் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஊருக்குள் அறை விலை அதிகமாகத் தெரிந்தால் பக்கத்து ஊரான ஓபர்ட்ரௌனில் தங்கலாம்.

படி 3: காலை 6 மணிக்குத் தெருவில் இறங்குவது

நேராகச் சந்தைச் சதுக்கத்துக்குப் போங்கள். வீட்டுச் சுவர்களை ஒட்டி வளர்ந்திருக்கும் பேரி மரங்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தோட்டம் போட இடமில்லாத ஊர் என்பதால் மரத்தைச் சுவரோடு சுவராகப் படரவிட்டிருக்கிறார்கள். கிளைகள் ஜன்னல்களைச் சுற்றி வளைந்து மேலே போகின்றன. ஏப்ரலில் போனவர்களுக்கு அந்தச் சுவர் முழுக்க வெள்ளைப் பூ.

இடநெருக்கடி இறந்தவர்களையும் விடவில்லை. கத்தோலிக்கத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் மிகச் சிறியது. அதனால் சில ஆண்டுகளில் எலும்புகளை எடுத்து, மண்டையோட்டை வெயிலில் வெளுக்கவைத்து, பெயரும் பூமாலையும் தீட்டி ஒரு சிற்றறையில் அடுக்கினார்கள். 1,200க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அவற்றில் 600க்கும் மேல் வண்ணம் தீட்டியவை. கடைசியாக ஒன்று 1995இல் வைக்கப்பட்டது. எனக்கு இந்த ஊரில் மிக நெருக்கமான இடம் இதுதான். அறை திறக்க நேரமாகும் என்பதால் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூடும் நேரத்தை மட்டும் விசாரித்துவிடுங்கள்.

அப்புறம் வடக்குப் பக்கச் சந்தில் நடந்தால் அந்தப் பிரபலமான படம் எடுக்கும் இடம். பக்கத்திலேயே ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

படி 4: கூட்டம் வரும்முன் கோசாவுக்கு

காலைச் சாப்பாடு முடிந்ததும் பேருந்து ஏறி, கோசாமூலே நிறுத்தத்தில் மாறுங்கள். கோசாவில் ‘முன் ஏரி’, ‘பின் ஏரி’ என இரண்டு உண்டு. கடைசி நிறுத்தம் இருப்பது முன் ஏரியில், 933 மீட்டர் உயரத்தில். பேருந்துகள் அடிக்கடி இல்லை. இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் நேரத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

ஏரியின் முனையில் நின்றால் எதிரே பனிப்பாறையோடு டாக்ஷ்டைன் மலை, 2,995 மீட்டர். காற்று எழும்முன் மலை முழுதும் தண்ணீரில் தெரியும். மலைமேல் நல்ல வெளிச்சம் விழுவது பிற்பகலில். எனவே இரண்டு வேளையும் பார்க்கும்படி நிதானமாக இருங்கள். ஏரியைச் சுற்ற ஒன்றரை மணி நேரம் போதும், பாதை பெரும்பாலும் சமதளம். ‘பின் ஏரி’ இன்னும் மேலே, காட்டுக்குள். மேலே பனி மிச்சமிருந்தால் புதியவர்கள் அங்கே போகவே வேண்டாம். உருகும் பனி சரியும், எச்சரிக்கைப் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள்.

பிடிப்புள்ள காலணி, மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். வெயில் அடித்தாலும் நிழலில் நடுக்கும்.

படி 5: மாலை

நான்கு, ஐந்து மணிக்கு ஊர் திரும்பினால் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். முதலில் அந்த மண்டையோட்டு அறை, அப்புறம் கரையோரம் ஒரு நடை, பிறகு சாப்பாடு. மீன் சாப்பிடுபவர்கள் ஏரியில் பிடித்த ரைனாங்கே மீனைக் கேளுங்கள். சைவர்களுக்குச் சீஸ் சேர்த்த ஷ்பெட்ஸ்லே என்னும் முட்டை நூடுல்ஸ் கிடைக்கும். அதன்மேல் பன்றி இறைச்சித் துண்டு தூவுவதும் உண்டு, ஆகவே ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சமையலறைகள் சீக்கிரம் மூடும், ஏழு மணிக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது.