கிணற்று மோட்டார் கணக்கில் நீச்சல் குளம் ஓடாது

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே அங்கங்கே நீலமாக ஒரு சதுரம் மின்னுகிறது. முன்பு அந்த இடத்தில் தேங்காய்க் களம் இருந்திருக்கும். இப்போது வார இறுதியில் ஆள் வந்து தங்கும் பண்ணை வீடு, அதற்கொரு நீச்சல் குளம். கேரளத்துச் சித்தூர் தாலுகாதான் என்றாலும் இந்தக் கிழக்குப் பக்கம் பேச்செல்லாம் தமிழ், மோட்டார் வாங்குவது கோயமுத்தூரில். குளத்துக்கு மோட்டார் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் அப்படியே கிணற்றடியிலிருந்து வந்துவிடுகிறது. கரண்ட் பில்லைப் பார்த்து அலறுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

என் பெரியப்பா மகன் போன வருஷம் தோப்பில் ஒரு குளம் கட்டினார். எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். கிட்டத்தட்ட 45,000 லிட்டர். மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து கேட்டோம். "ரெண்டு எச்பியே போட்டுருங்க தம்பி. பின்னாடி பத்தலைன்னு வந்து நிக்கக் கூடாது பாருங்க" என்றார். கிணற்றுக்கு அது நல்ல யோசனை. குளத்துக்கு அல்ல.

ஏன் என்று பார்ப்போம். நூறடி ஆழத்துத் தண்ணீரை மேலே தூக்கியாக வேண்டும் என்றால், மோட்டாரின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் மேலேயே வராது. பாதி வழியில் நின்றுகொள்ளும். ஆனால் நீச்சல் குளத்தில் தூக்குகிற வேலையே இல்லை. குளத்திலிருந்து கிளம்பும் தண்ணீர் மணல் ஃபில்டர் வழியாகப் போய் அதே குளத்துக்கு, அதே மட்டத்துக்குத் திரும்பி வருகிறது. குழாயும் ஃபில்டரும் கொடுக்கிற உராய்வுதான் ஒரே சுமை. அந்த உராய்வு, தண்ணீரின் வேகம் குறையக் குறைய மளமளவென்று விழுந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதி வரும், பிடிக்கும் மின்சாரமோ கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகும்.

அண்ணன் வீட்டுக் குளத்துக்கே போட்டுப் பார்க்கலாம். 2 எச்பி மோட்டார் சுமார் 2 கிலோவாட் இழுக்கும், மணிக்கு 25,000 லிட்டர் வாக்கில் தள்ளும். நாலு மணி நேரம் ஓடினால் 1,00,000 லிட்டர், செலவு 8 யூனிட். அதே பம்பைப் பாதி வேகத்தில் எட்டு மணி நேரம் ஓட்டினாலும் 1,00,000 லிட்டர்தான், செலவு 2 யூனிட். மோட்டாரிலும், வேகத்தை மாற்றும் மின்னணுப் பலகையான டிரைவிலும் போகும் இழப்பைச் சேர்த்து 3 யூனிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை எச்பி என்று கேட்பதை விட்டு, மொத்தத் தண்ணீரும் எத்தனை மணி நேரத்தில் ஒரு சுற்று வரவேண்டும் என்று கேட்க வேண்டும். வீட்டுக் குளத்துக்கு ஒரு நாளில் ஒன்றிரண்டு சுற்றுப் போதும். அண்ணன் முதல் மாதம் தினமும் எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினார். நாளுக்கு 16 யூனிட், மாதத்துக்கு 480.

கேரளத்தில் இது இன்னும் கடுப்பான விஷயம். வீட்டு இணைப்பில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, முதல் யூனிட்டிலிருந்து மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விகிதம். ஆக மோட்டாரின் 480 யூனிட், வீட்டுக்குள் ஓடும் மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் சேர்த்து விலையை ஏற்றிவிடும். எல்லைக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சியிலும் தப்பிக்க முடியாது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டியதும் யூனிட் விலை ஏறிவிடும்.

இதே கணக்கைத்தான் அமெரிக்க அரசு சட்டமாக்கியது. அங்கே எரிசக்தித் துறை 2017 ஜனவரியில் நீச்சல் குளப் பம்புகளுக்கென்று தனி விதி வெளியிட்டது. 2021 ஜூலை 19 முதல் தயாராகும் பம்புகளுக்கு அது கட்டாயம். அளவுகோல் எளிமையானது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை ஆயிரம் கேலன் தண்ணீரைச் சுற்றுகிறது? வேகம் மாற்றக்கூடிய பம்பாக இருந்தால், குறைந்த வேகத்தில் அது எப்படி ஓடுகிறது என்பதற்கு அதிக மதிப்பெண். அண்ணன் மோட்டாரை இதில் நிறுத்தினால், 25,000 லிட்டர் என்பது 6,600 அமெரிக்க கேலன். அதை 2 யூனிட்டால் வகுத்தால் 3,300, அதாவது 3.3 ஆயிரம். அந்த அளவுப் பம்புக்கு அவர்கள் கேட்பது 6-ஐ ஒட்டி. நம்மாள் தேர்வில் அவுட்.

இந்த விதியைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் பாதித் தகவல்களை நம்புவது அடுத்த தவறு. "அமெரிக்காவில் ஒற்றை வேகப் பம்பையே தடை செய்துவிட்டார்கள்" என்பார்கள். அப்படி இல்லை. விதி எந்த வகை மோட்டாரையும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை, எட்ட வேண்டிய மதிப்பெண்ணைத்தான் சொல்கிறது. பெரிய பம்புகளில் வேகம் மாற்றும் வசதி இல்லாமல் அந்த மதிப்பெண்ணை எட்ட முடியாது, அவ்வளவுதான். சிறிய பம்புகளில் ஒற்றை வேகமும் தேறும். கோடு விழுவது 0.711 குதிரைத்திறனில். அதைப் பார்த்துவிட்டு, "என்னுடையது அரை எச்பி, எனக்குக் கவலையில்லை, உன்னுடையது ஒரு எச்பி, நீ மாட்டினாய்" என்று ஒருவர் எனக்கே கணக்குச் சொன்னார். அந்த 0.711 மோட்டாரின் பெயர்த்தகட்டில் அடித்திருக்கும் எச்பி அல்ல. தண்ணீருக்குப் போய்ச் சேரும் திறன். மோட்டார் எச்பி அதைவிட நன்றாகவே கூட இருக்கும். பெயர்த்தகட்டு எச்பியை வைத்து இரண்டு பம்புகளை ஒப்பிடுவது, இலை அளவை வைத்துச் சாப்பாட்டை எடை போடுவது மாதிரி.

இன்னொன்று: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பம்பைக் கழற்றி எறியச் சொல்லி அங்கேயும் யாரும் வரவில்லை. தயாரிப்பு நாளைத்தான் விதி பார்க்கிறது. ஆனால் அதிலேயே ஒரு ஓட்டை இருந்தது. பம்ப் பழுதானால் மோட்டாரை மட்டும் பழைய ஒற்றை வேக மோட்டாராக மாற்றிக்கொள்ளலாமே? அதை அடைக்கத்தான் 2023-ல் மோட்டாருக்கும் தனி விதி போட்டார்கள். வேகம் மாற்றும் வசதி பெரிய மோட்டார்களுக்கு 2025 செப்டம்பர் முதல், நடுத்தர மோட்டார்களுக்கு 2027 செப்டம்பர் முதல் என்று அப்போது நாள் குறித்தார்கள். ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 2022 அக்டோபரிலிருந்து அங்கே நீச்சல் குளப் பம்புகளில் நட்சத்திரச் சீட்டு ஒட்டியாக வேண்டும்.

நட்சத்திரம் என்றதும் நம்மூர் ஆட்களுக்கு ஃப்ரிட்ஜும் ஏசியும்தான் ஞாபகம் வரும். "அஞ்சு ஸ்டார் பூல் பம்ப் இருக்கு சார்" என்று கடையில் சொன்னால் அங்கேயே நின்று சீட்டைப் படியுங்கள். இந்தியாவில் ஆற்றல் திறன் பணியகத்தின் நட்சத்திரம் விவசாயப் பம்புகளுக்கு உண்டு. நீச்சல் குளப் பம்புக்கென்று தனி நட்சத்திரம் இல்லை. விவசாயப் பம்பின் ஐந்து நட்சத்திரம் பொய்யல்ல. ஆனால் அது தண்ணீரைத் தூக்கும் வேலையில் வாங்கிய மார்க். அதே மட்டத்தில் சுற்றிவரும் ஓட்டத்தில் அந்தப் பம்ப், தன் திறன் நன்றாக இருக்கும் நிலையை விட்டு எங்கோ போய் ஓடும். போதாதற்கு அதன் வார்ப்பிரும்பு உடம்பைக் குளோரின் தண்ணீர் அரித்துவிடும். குளத்துப் பம்பை பிளாஸ்டிக் உடம்பும் முன்னால் சருகு பிடிக்கும் கூடையுமாகச் செய்வது சும்மா அழகுக்கு அல்ல.

சரி, வேகம் மாற்றும் பம்பே வாங்கியாயிற்று. அப்புறமும் தவறு செய்ய வழி இருக்கிறது. வண்ணாமடைப் பக்கம் ஒரு பண்ணையில் பார்த்தேன். மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய பம்ப், மாட்டிய நாளிலிருந்து உச்ச வேகத்திலேயே ஓடுகிறது. தண்ணீர் குழாயில் விசையாகப் பீறிட்டு வந்தால்தான் தோட்டக்காரருக்குத் திருப்தி. மெதுவாக வந்தால், "மோட்டார் இழுக்கலீங்க" என்று வேகத்தைக் கூட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, வாய்க்கால் பாய்ச்சிப் பழகிய கண் அது. அவருக்கு வேகத்தை அல்ல, பிரஷர் கேஜைப் பார்க்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதே வேகத்தில் அதிலிருந்து 8, 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் திருப்பி ஓட்டி ஃபில்டரைக் கழுவ வேண்டிய நேரம். குப்பை உறிஞ்சும் கருவியைப் போடும்போது மட்டும் ஒரு மணி நேரம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

பெரிய மோட்டார் போட்டுவிட்டுக் கேட் வால்வைத் திருகித் தண்ணீரைக் குறைப்பவர்களும் உண்டு. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே பிரேக் போடுகிற வேலை அது. ஒன்றரை இஞ்சுக் குழாய்க்குப் பதில் இரண்டு இஞ்சு போட்டு, வளைவுகளைக் குறைத்தால் வாழ்நாள் முழுக்க மிச்சம். ஆனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. பாலக்காட்டில் வீட்டுக்கொருவர் வளைகுடாவில். போகும்போதும் வரும்போதும் பொருள் வருகிறது. துபாயில் மின்சாரம் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ், சவூதியிலோ அமெரிக்காவைப் போல 60 ஹெர்ட்ஸ். சவூதியிலிருந்து மச்சான் கொண்டுவந்த ஒற்றை வேகப் பம்பை இங்கே மாட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். அதுகூடப் பரவாயில்லை, 60-க்குச் சுற்றிய காயில் 50-ல் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடேறும். பெயர்த்தகட்டில் 50 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியைப் பிரியுங்கள். வேகம் மாற்றும் பம்புகளில் டிரைவ் பலகை இருப்பதால் பல மாடல்கள் இரண்டையும் ஏற்கும். அவற்றுக்கு வேறு எமன், சித்திரை மாதத்துக் கோடை இடி. சர்ஜ் பாதுகாப்பு இல்லாமல் மாட்டாதீர்கள். பலகை போனால் ரீவைண்டிங் கடையில் காரியம் ஆகாது. கூடவே, மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டுவிடுங்கள். அது பில்லுக்காக அல்ல, குளத்தில் இறங்கும் பிள்ளைகளுக்காக.

பில்லைக் குறைக்க, பக்கத்தில் இருக்கும் விவசாய இணைப்பிலிருந்து குளத்துக்கு ஒயர் இழுப்பது பெரிய தவறு. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி, எதற்காக இணைப்புக் கொடுத்தார்களோ அதைத் தவிர வேறு வேலைக்கு எடுத்தால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். வாடகைக்கு விடும் பண்ணை வீட்டை வெறும் வீடு என்று காட்டுவதும் அதே பிரிவில்தான் போய் நிற்கும். டைமர் வைக்கும்போது மாலை 6 முதல் இரவு 10 வரை மோட்டார் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் அது பீக் நேரம்.

மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்து காற்றை மறந்துவிடுவார்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூடாத குளத்தில் அது தண்ணீரை அள்ளிக்கொண்டு போகும், தூசியையும் தென்னஞ்சருகையும் கொண்டுவந்து போடும். குறைந்த தண்ணீரை எங்கிருந்து நிரப்புவீர்கள்? ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று மக்கள் போராடிய பிளாச்சிமடை இதே சித்தூர் தாலுகாவில்தான் இருக்கிறது, நிலத்தடி நீர் எவ்வளவு அருமை என்று இந்த மண்ணுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம். குளத்தை மூடி வைத்தால் நிரப்பும் தண்ணீரில் 30 முதல் 50 சதவீதம் மிச்சமாகும் என்று அதே அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. ஹீட்டர் பற்றி நான் எழுதப் போவதில்லை. வால்பாறையில் குளம் கட்டுகிறவர் வேண்டுமானால் யோசிக்கட்டும்.

அண்ணன் கடைசியில் அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ஒரு வேக மாற்றுப் பம்பை வாங்கினார். மாட்டிய அன்று மெனுவைத் தட்டிக்கொண்டே போனோம். உறைபனிப் பாதுகாப்பு என்று ஒன்று வந்தது. வெளியே குளிர் 4.4 டிகிரிக்குக் கீழே போனால், குழாயில் ஐஸ் கட்டாமல் இருக்க மோட்டார் தானாகவே ஓடும். அதுவே மின்சாரத்தைத் தின்னக் கூடாதென்று, ஆலையில் வைத்து அனுப்பும் அமைப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது, பாதி வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அந்த ஊர் விதியே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வெளியே பங்குனி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. "இத என்னடா பண்றது?" என்றார் அண்ணன். ஆஃப் செய்தோம்.