குடும்ப வரலாறு அச்சேறும் முன்: எழுதியவர் மட்டுமே பிடிக்கக்கூடிய தவறுகள்

செட்டிநாட்டில் புத்தகம் பெரும்பாலும் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டே எழுதப்படுகிறது. எண்பதாம் கல்யாணம், கோயில் குடமுழுக்கு, வீட்டுக்கு நூறு வயது, இப்படி ஏதாவது ஒன்று. எழுதி முடிக்கவே நாள் சரியாகிவிடும். செப்பனிடும் வேலை கடைசிப் பத்து நாளில் மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் மெய்ப்புத் திருத்துநர் தலையில் போய் விழும். அவர் எழுத்துப்பிழை பார்ப்பார், ஒற்றுப் போடுவார், நீளமான வாக்கியத்தை உடைப்பார். உங்கள் ஐயா, அதாவது தாத்தா, பினாங்குக்குக் கப்பல் ஏறிய வருஷம் தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? குடும்ப வரலாறு, ஊர் வரலாறு, ஆச்சிமார் சமையல் குறிப்பு ஆகியவற்றைக் கெடுப்பவை பெயரிலும் ஆண்டிலும் அளவிலும் நிகழும் பிழைகளே. அவற்றைத் திருத்துநரிடம் கொடுப்பதற்கு முன்பே எழுதியவர் சரிசெய்துவிட வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று பேர்

ஐயா பெயரைப் பேரனுக்கு விடுவது வழக்கம். சிதம்பரத்தின் மகன் முத்தையா, அவர் மகன் சிதம்பரம், அவருக்கு மறுபடியும் ஒரு முத்தையா. மூன்றாம் அத்தியாயத்தில் "சிதம்பரம் ரங்கூன் கிட்டங்கியில் (தொழிலகத்தில்) பெட்டியடியில் (பணப்பெட்டி வேலையில்) இருந்தார்" என்று வரும்போது எந்தச் சிதம்பரம் என்று வீட்டாருக்குப் புரியும். ஐம்பது வருஷம் கழித்துப் படிக்கும் கொள்ளுப்பேத்திக்குப் புரியாது. பக்கம் சுத்தமாகத் தெரியட்டும் என்று தலைப்பெழுத்துகளை வெட்டிவிடுவது இதில் மிகப் பெரிய தவறு. விலாசம் என்று சொல்லப்படும், இரண்டு மூன்று எழுத்தாக நீளும் அந்தத் தலைப்பெழுத்துதான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும்.

எழுதத் தொடங்கும்போதே ஒரு நோட்டில் பெயர்ப் பட்டியல் போட்டுவிடுங்கள். முழுத் தலைப்பெழுத்து, அழைக்கும் பெயர், தகப்பனார், ஊர், எந்த நகரக் கோயில் (நகரத்தார் குலப்பிரிவுக்குரிய கோயில்), பிறந்த ஆண்டு, பெண்களுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். புத்தகம் முழுவதும் ஒருவருக்கு ஒரே வடிவம்தான். தொழில் விலாசம், அதாவது கடையின் பெயராக வழங்கும் தலைப்பெழுத்து, தொடங்கியவர் காலத்தோடு போய்விடுவதில்லை. 1930ஆம் ஆண்டுக் கடிதத் தாளில் பாட்டனாரின் விலாசம் அச்சாகியிருக்கிறது என்பதற்காக அவர் அப்போது உயிரோடு இருந்ததாக எழுதிவிடக் கூடாது.

விஜய வருஷம் தை மாதம்

கல்யாண ஆவணமான இசைகுடிமானமும் பழைய கடிதங்களும் தமிழ் வருஷத்தைத்தான் சொல்லும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் இங்கே இரண்டு வழுக்கல் உண்டு. முதலாவது, எந்தச் சுற்று என்பது. விஜய வருஷம் 1893 ஏப்ரலிலும் பிறந்தது, 1953 ஏப்ரலிலும் பிறந்தது. இரண்டாவது, வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மார்கழியின் பின்பாதியும் அப்படியே. ஆகவே விஜய வருஷம் தை மாதக் கல்யாணம் 1953 அல்ல, 1954, அல்லது 1894. எது என்று முடிவு செய்யக் கடிதத்துக்குள்ளேயே தடயம் இருக்கும். உறையில் விக்டோரியா ராணியின் படம் போட்ட தபால்தலை ஒட்டியிருந்தால் பேச்சே இல்லை, 1894தான்.

வாய்மொழியாகக் கேட்டு எழுதும்போது ஆண்டைக் கேட்காமல் வயதைக் கேளுங்கள். "அப்பச்சி வந்தப்ப எனக்கு ஆறு வயசு" என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆண்டு பின்னால் கணக்குப் போட்டுச் சொன்னதாக இருக்கும். அதைப் பொது நிகழ்ச்சி ஒன்றோடு ஒட்டிப் பாருங்கள். ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 மார்ச். பர்மாவிலிருந்து காடு மலை தாண்டி நடந்து வந்த கதைகள் பெரும்பாலும் அந்தச் சில மாதங்களைச் சேர்ந்தவை. உங்கள் கைப்பிரதி 1945 என்று சொன்னால் மறுபடி விசாரிக்க வேண்டும்.

கணக்கு ஏட்டை நகல் எடுக்கும்போது

தமிழ் எண்கள் எழுத்தைப் போலவே இருப்பதால் தட்டச்சில் நிறையச் சிதையும். ௧ என்பது க ஆகிவிடும், ௭ என்பது எ, ௮ என்பது அ, ௰ என்பது ய. பழைய முறையில் ௲௯௱௩௰௪ என்று இருந்தால் அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு, அதாவது 1934. ஏட்டின் தலையில் இருக்கும் உ பிள்ளையார் சுழி. அதை 2 என்று படித்துவிடாதீர்கள். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி. இந்தக் குறிகள் எல்லா எழுத்துருவிலும் கிடையாது. உங்கள் கணினியில் சரியாகத் தெரிவது அச்சகத்தில் வெறும் கட்டமாக விழும். பக்கம் அமைத்த பிறகு ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள்.

காசு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஏட்டில் 12–8–6 என்று இருப்பது 12 ரூபாய் 8 அணா 6 தம்படி. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. இதை 12.86 என்று அடித்தால் பொய்க் கணக்கு. தசமத்தில் அது ஏறக்குறைய 12.53. நூறு பைசாக் கணக்கு 1957 ஏப்ரல் 1க்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முந்தைய தொகைகளை ஏட்டில் உள்ளபடியே அச்சிட்டு, முன்னுரையில் ஒரு வரி விளக்கம் போதும். மலாயாக் கணக்கில் "300 வெள்ளி" என்றால் அந்த ஊர் டாலர். அதை "வெள்ளிக் காசு" என்று திருத்தி வைத்தால் அர்த்தமே மாறிப்போகும். எடையும் அப்படித்தான்: நம் ஊர் வீசை சுமார் 1.4 கிலோ, பர்மா வீசை சுமார் 1.63 கிலோ. ஏடு எந்த ஊரில் எழுதியது என்று பார்த்த பிறகே கிலோவுக்கு மாற்றுங்கள்.

ஆழாக்கும் கோபுரமும்

சமையல் புத்தகத்தில் பழைய படி அளவான ஆழாக்கை "கப்" ஆக்கிவிட்டால் நவீனமாகிவிட்டதாக ஒரு நினைப்பு இருக்கிறது. வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி, அதன் மேலே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இந்த அளவு கரண்டியில் இல்லை, பாத்திர வாயின் அகலத்தில் இருக்கிறது. வாய் அகன்ற கிண்ணத்தில் குவித்தால் உளுந்து கூடி, பணியாரம் எண்ணெய் குடிக்கும். ஆகவே மரபு அளவை அப்படியே எழுதி, வீட்டு ஆழாக்கில் அளந்த அரிசியையும் உளுந்தையும் தராசில் வைத்துக் கிராம் கணக்கையும் பக்கத்தில் கொடுங்கள். "தேவையான அளவு" என்பது உப்புக்கு மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு குறிப்பையும், அதைச் செய்தறியாத ஒருவர் கையில் கொடுத்து ஒருமுறை செய்யச் சொல்வதுதான் சமையல் நூலுக்கு மெய்ப்பு.

திருத்தக் கூடாதவை

வெளியூர்த் திருத்துநர் நல்லெண்ணத்தில் செய்யும் சேதம் உறவுச் சொற்களில் நடக்கும். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார், வீட்டில் அப்பச்சி என்றால் தகப்பனார். கொங்குப் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவர். இங்கே ஆச்சி என்றால் அக்காள், திருநெல்வேலிக்காரருக்குப் பாட்டி. ஆயா என்றால் தாயைப் பெற்றவள். சென்னையில் வேலைக்காரி என்று நினைப்பார்கள். இவற்றை "அப்பா", "அக்கா", "பாட்டி" என்று மாற்றினால் புத்தகத்தில் அந்த வீட்டின் குரல் போய்விடும். மாற்றாமலே விட்டால் வாசகர் வேறொருவரை நினைத்துக்கொள்வார். முதலில் வரும் இடத்தில் வாக்கியத்துக்குள்ளேயே உறவைத் தெளிவாக்குங்கள்: "அப்பச்சி இறந்தபோது ஆத்தாளுக்கு இருபத்தாறு வயது." வளவு, முகப்பு, இரண்டாம் கட்டு போன்ற வீட்டுப் பகுதிப் பெயர்களுக்கும், படைப்பு (முன்னோர் வழிபாடு), புள்ளி (கோயில் கணக்கில் ஒரு குடும்பம்) போன்ற சொற்களுக்கும் இதே வழிதான். திருத்துநருக்குத் "தொடாதே" பட்டியல் ஒன்றைக் கையெழுத்துப் படியோடு சேர்த்தே அனுப்புங்கள்.

ஒற்றெழுத்தைப் பொறுத்தவரை, பேச்சாக வரும் வரிகளில் கைவைக்க வேண்டாம். உங்கள் நடையில் வரும் வரிகளுக்கு இரண்டாம் வேற்றுமை ஐ, நான்காம் வேற்றுமை கு, அந்த, இந்த, எந்த ஆகியவற்றின் பின் வல்லினம் மிகும் என்பதைச் சரியாகக் கடைப்பிடித்தாலே பெரும்பாலான பிழை நீங்கிவிடும்.

பக்கம் அமைத்த பிறகு

பழைய எழுத்துருவில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றியிருந்தால், "ஔ" என்பது ஒ, ள என்று இரண்டாக உடைந்திருக்கும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் கணினியின் தேடும் வசதியைக் கொண்டுதான் பிடிக்க முடியும்.

பக்கம் அமைத்த பின் புதுப் பத்தி சேர்ப்பதே செலவை ஏற்றும் தவறு. புத்தகம் 16 பக்கப் பாரங்களாக அச்சாகிறது. 160 பக்கம் பத்துப் பாரம். 163 ஆனால் பதினோராம் பாரம் தொடங்கி, பதின்மூன்று வெற்றுப் பக்கத்துக்கும் தாள் போகும். விட்டுப்போன ஒருவர் பெயரைச் சேர்க்க வேண்டுமானால் அதே பத்தியில் அதே அளவு சொற்களைக் குறையுங்கள்.

புகைப்படத்தை வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, அச்சில் மங்கும். பழைய சிறு படங்களைச் சட்டத்திலிருந்து எடுத்து 600 புள்ளி அடர்த்தியில் (dpi) ஸ்கேன் செய்து, கோப்பாக அனுப்புங்கள். அச்சாகும் அளவில் 300க்குக் குறையக் கூடாது. படக்குறிப்பில் "இடமிருந்து வலம்" பெயர்களை இரண்டு மூத்தவர்களிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள். ஸ்கேன் செய்தவர் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டாரா என்று சட்டைப் பொத்தானைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடைசி மெய்ப்பை ஒருவர் ஏட்டைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் பக்கத்தில் எண்களையும் பெயர்களையும் மட்டும் சரிபார்க்கட்டும். அட்டை, முதுகு, தலைப்புப் பக்கம் மூன்றையும் தனியே பாருங்கள். எல்லோரும் உள்ளே பிழை தேடும்போது அட்டையில் தலைப்பெழுத்து மாறிப்போகும்.

பதிப்பு விவரப் பக்கத்தில் ஆண்டே இல்லாமல் விழா மலர்கள் வெளிவருகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அப்படி ஒரு நூலகத்துக்கு உங்கள் புத்தகம் போய்ச் சேரும்போது, பட்டியல் போடுபவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார். வெளியான மாதமும் ஆண்டும், பதிப்பு எத்தனையாவது, உரிமை யாருக்கு, அச்சகம் எது, ஊரின் பெயரோடு அது சிவகங்கை மாவட்டமா புதுக்கோட்டை மாவட்டமா என்பது, இவ்வளவும் அங்கே இருக்கட்டும்.