லென்ஸைத் துடைக்கும் முன்: சென்சார் கோளாறைக் கண்டுபிடிப்பதில் செய்யும் தவறுகள்

கடலூர் சில்வர் பீச்சில் விடியற்காலை முக்காலி வைத்துச் சூரிய உதயம் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், வானத்தில் வலது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கலான வட்டம். உடனே கை லென்ஸைத் துடைக்கப் போகும். நானும் வெகுநாள் அதைத்தான் செய்தேன். ஒரு கடையில் காசு கொடுத்து லென்ஸைச் சுத்தம் செய்தும் பார்த்தேன். புள்ளி அங்கேயே இருந்தது.

லென்ஸின் முன்கண்ணாடியில் இருக்கும் தூசு படத்தில் புள்ளியாக விழுவது அரிது. நாம் பார்ப்பது, கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சென்சாரை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியில் ஒட்டிய தூசின் நிழல். லென்ஸின் துவாரத்தை எஃப்2.8 என்று அகலமாக வைத்தால் ஒளி பல கோணங்களில் பாய்வதால் அந்த நிழல் கரைந்துவிடும். எஃப்16, எஃப்22 என்று சுருக்கச் சுருக்க அது கருத்து, விளிம்பு தெளிந்து நிற்கும். அதனால்தான் துவாரத்தை அகலமாகத் திறந்து எடுக்கும் கல்யாணப் படங்களில் கண்ணுக்குப் படாத புள்ளி கடற்கரை வானத்தில் தெரிகிறது. நேற்று விழுந்த தூசு என்று நினைக்க வேண்டாம். பல மாதமாகவே அங்கே இருந்திருக்கலாம்.

ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் பெரிய தவறு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, எஃப்22 வைத்து, ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரை எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை லேசாக ஆட்டுங்கள். சுவரின் கறையெல்லாம் கலைந்துவிடும்; சென்சாரில் ஒட்டியது மட்டும் அசையாமல் நிற்கும். வேறு லென்ஸ் மாட்டியும் அதே இடத்தில் வந்தால் சந்தேகமே இல்லை.

சரி, தூசு எங்கே? சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுகிறது. படத்தில் வலது மேல் பக்கம் தெரியும் புள்ளி, லென்ஸைக் கழற்றி முன்னால் இருந்து பார்க்கும்போது வலது கீழ் பக்கம் இருக்கும். இது தெரியாமல் தவறான மூலையில் ஊதிக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறித்துக் கறையாகிவிடும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, கை ப்ளோயரால் (அமுக்கினால் காற்று வரும் ரப்பர் குமிழ்) ஊத வேண்டும். கடற்கரையிலேயே லென்ஸ் மாற்றுவதையும் விட்டுவிடுங்கள். உப்புக் காற்றின் பிசுபிசுப்போடு ஒட்டிய தூசு ப்ளோயருக்கு அசையாது. அப்புறம் சென்சாரைத் துடைக்கும் ஸ்வாப் குச்சிதான், இல்லையென்றால் சர்வீஸ்.

இரவுப் படங்களில் வருவது வேறு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நின்று கடலை 30 விநாடி எடுத்தால், கருப்பில் சிவப்பு, நீலம், பச்சையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். இவை ஹாட் பிக்சல்கள், அதாவது ஒளி படாமலே ஒளிர்வதுபோல் பதியும் சென்சார் புள்ளிகள். சென்சார் செத்துப்போயிற்று என்று பதற வேண்டாம், எல்லா சென்சாரிலும் சில உண்டு. சூடு ஏற ஏறக் கூடும். நம் ஊர்ப் புழுக்கமான இரவில் கேட்கவே வேண்டாம். அங்கேயே லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே 30 விநாடியில் இன்னொரு படம் எடுங்கள். அதே இடங்களில் பொட்டு வந்தால் அதுதான். மறுநாள் ஏசி அறையில் எடுத்து ஒப்பிட்டால் பாதி பொட்டு காணாமல் போயிருக்கும், கணக்கு தப்பிவிடும். சில கேமராக்களின் மெனுவில், இந்தப் பொட்டுகளைக் கண்டுபிடித்து மறைக்கும் பிக்சல் மேப்பிங் இருக்கும். ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

மண்டபத்தில் எடுத்த படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வந்தால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் வரி வரியாகப் படிப்பதால் அந்தத் துடிப்பு பட்டையாகப் பதிகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 வைத்து எடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுப்பதென்றால் அந்த வெள்ளைச் சுவர்ப் படத்தையும் கூடவே கொண்டுபோய்க் காட்டுங்கள். திரும்ப வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன், கடைச் சுவரையே எஃப்22ல் ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.