ரிகர்சலுக்கு பழைய சவுண்ட் செட் எடுக்கப் போறீங்களா? காச குடுக்க முன்னுக்கு இத பாருங்க

நம்ம மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, பதுளை, எந்தப் பக்கம் போனாலும் ஒரு பேண்ட் இருக்கும். கிட்டார் இருக்கும், கீபோர்ட் இருக்கும், ஒக்டபேட் (குச்சியால தட்டுற எலக்ட்ரோனிக் ட்ரம்ஸ்) கூட கடன உடன வாங்கி எடுத்துருவாங்க, ஆனா ரிகர்சல் நேரம் பாடுறவன் குரல் மட்டும் யாருக்கும் கேக்காது. அவன் தொண்ட கிழிய கத்தி கத்தி, கடைசில கல்யாண வீட்டு மேடையில ஏறுறப்ப குரல் கட்டிப் போயிருக்கும். புதுசா செட் எடுக்கிற விலைக்கு நம்மளால முடியாது, சரி, பழசு எடுக்கலாம், தப்பே இல்ல. எதுக்கு எடுக்குறோம்னு தெளிவா இருக்கணும், அதுதான் முக்கியம்.

ரிகர்சல் செட்டுக்கு இருக்கிற வேல ஒன்னே ஒன்னுதாங்க, குரல ட்ரம்ஸுக்கு மேல தூக்கிக் காட்டுறது. கிட்டாருக்கு தனியா அம்ப் (சத்தத்த கூட்டுற பெட்டி) இருக்கு, ட்ரம்ஸுக்கு ஒன்னுமே தேவையில்ல. ஆனா நம்ம பக்கம் விலைக்கு வர்ற சாமான் நிறைய கோயில் திருவிழாவுக்கும் டீஜேக்கும் ஓடினது, அதெல்லாம் வெளியில, மலைக்கு மலை கேக்கணும்னு கட்டினது. விக்கிறவரும் உங்கள அசத்த பேஸ் பாட்டு ஒன்னத்தான் போட்டுக் காட்டுவாரு, ஜன்னல் அதிரும், நாமளும் மயங்கிருவோம். அத நிப்பாட்ட சொல்லிட்டு ஒரு மைக்க குத்தி பேசிப் பாருங்க, பாடிப் பாருங்க. பேச்சு தெளிவா இருக்கா, அதுதான் நீங்க காசு குடுக்குறதுக்கு.

அஹுஜா கம்பெனி அம்பும் ரெண்டு ஹோர்னும் (குழாய் ஸ்பீக்கர்) மலிவா இருக்குன்னு ஆசப்படாதீங்க. கோயிலுக்கு அத மிஞ்ச ஒன்னும் இல்ல, வருசக்கணக்கா உழைக்கும், ஆனா ஹோர்ன்ல நடு சத்தம் மட்டும்தான் வரும், கீழயும் மேலயும் ஒன்னும் வராது, அறைக்குள்ள அர மணி நேரத்துல காது வலிக்கும். இன்னொரு விசயம், அந்த மாதிரி அம்ப் பின்னுக்கு 100 வோல்ட் லைன்னு ஒரு டெர்மினல் இருக்கும், தூரத்துல இருக்கிற ஹோர்னுக்கு ட்ரான்ஸ்போமர் வெச்சு குடுக்குறதுக்கு. அதுல போயி சாதாரண 8 ஓம்ஸ் (ஸ்பீக்கரோட தடை அளவு) ஸ்பீக்கர் பொக்ஸ மாட்டினா பொக்ஸும் போகும் அம்பும் போகும். மாட்டுறதா இருந்தா 4, 8ன்னு போட்டிருக்கிற டெர்மினல்ல மட்டும்தான்.

வொட்ஸ் கணக்கு சொல்லி ஏமாத்துறது தனிக் கல. பொக்ஸ்ல 1200ன்னு பெரிசா எழுதியிருக்கும், கீழ சின்னதா பீக்னு இருக்கும். பொதுவா கம்பெனிக்காரன் போடுற பீக் கணக்க நாலால பிரிச்சா வர்றதுதான் தொடர்ந்து தாங்குற அளவு, அப்ப 1200 நெசத்துல 300. பிஎம்பிஓன்னு (விளம்பரத்துக்கு ஊதிப் பெருக்கின கணக்கு) எழுதியிருந்தா அந்த கணக்க பாக்கவே வேணாம். வொட்ஸ விட சென்சிட்டிவிட்டிய பாருங்க, ஒரு வொட் குடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்னு அளந்தா எத்தன டெசிபெல்ங்கிறது. வொட்ஸ ரெண்டு மடங்காக்கினா கூடுறது வெறும் 3 டெசிபெல். அதனால 94 டெசிபெல் பொக்ஸுக்கு 200 வொட்ஸ் குடுக்குறதும் 97 டெசிபெல் பொக்ஸுக்கு 100 வொட்ஸ் குடுக்குறதும் சத்தத்துல ஒன்னுதான். ரிகர்சல் அறைக்கு 96, 97 இருக்கிற 12 இன்ச் பொக்ஸ் ரெண்டும் பக்கத்துக்கு 150, 200 வொட்ஸ் நெசமான பவரும் தாராளம். குரல் மட்டும்னா 10 இன்ச் கூட போதும். 15 இன்ச்தான் வேணும்னு பொடியன்கள் நிப்பாங்க, பழைய மலிவான 15ல நடு சத்தம் மங்கலா இருக்கிறது சகஜம், குரல் இருக்கிறதே அந்த நடுவுலதான்.

இதுல ஒரு விதிவிலக்கு ஒக்டபேட். ட்ரம்ஸ் செட் இல்லாம ஒக்டபேடும் கீபோர்டும் வெச்சு ஓட்டுற பேண்ட் நம்ம பக்கம் நிறைய, அப்ப அந்த கிக்கும் கீபோர்ட் பேஸும் இதே பொக்ஸ்லதான் வரணும், 10 இன்ச் திணறும், 12 எடுங்க. அதுல ஒரு லாபமும் இருக்கு, எல்லா சத்தமும் ஒரு நொப்ல அடங்கும், லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) தொங்க காம்பராவுல, அதாவது கடைசி அறையில, வெச்சு பழகினாலும் பக்கத்து வீட்டு ஆச்சி சண்டைக்கு வராது. (காமன் கூத்துக்கு தப்பு அடிக்கிறவங்களுக்கு இந்த தொல்ல ஒன்னும் கெடையாது, நெருப்பு மூட்டி தோல காய வெச்சா சவுண்ட் செக் முடிஞ்சது.)

அக்டிவா பெசிவான்னு கேப்பீங்க. பெசிவுக்கு அம்ப் வெளியில தனியா வேணும், அக்டிவ்ல அம்ப் பொக்ஸுக்குள்ளயே இருக்கு, வயர் கொறைவு, பொருத்தம் பாக்குற வேல இல்ல, ஜேபிஎல் இஒன், மெக்கி தம்ப் மாதிரி சாமான் பழசுல வந்துக்கிட்டே இருக்கும். ஆனா உள்ள இருக்கிற போர்ட் போச்சுன்னா நம்ம டவுன்ல ரேடியோ திருத்துறவர் கையில அடங்காது, கொழும்புக்கு தூக்கிட்டு போகணும், பார்ட்ஸ் இருக்கோ இல்லியோ. என்னைக் கேட்டா காசு கம்மின்னா பெசிவ் பொக்ஸ் ரெண்டு, அதோட அம்ப் உள்ளயே இருக்கிற பவர்ட் மிக்சர் ஒன்னு, யமஹா இஎம்எக்ஸ், பீவி எக்ஸ்ஆர் அந்த வகை. பாக்க பழசா அசிங்கமா இருக்கும், எல்லாத்தையும் கழட்டி திருத்தலாம். ஓம்ஸ மட்டும் பாத்துக்கோங்க, 8 ஓம்ஸ் பொக்ஸ் ரெண்ட ஒரே அவுட்ல சேத்து மாட்டினா 4 ஓம்ஸ், நாலு மாட்டினா 2. அம்ப் பின்னுக்கு 4க்கு கொறைய வேணாம்னு எழுதியிருந்தா நாலு மாட்டக் கூடாது.

மிக்சர்ல 10ன்னு போட்டிருந்தா பத்து மைக் குத்தலாம்னு நெனைக்காதீங்க. யமஹா எம்ஜி10ல மைக் நாலுதான், மிச்சம் ஆறும் மூணு ஸ்டீரியோ ஜோடி. உங்க பேண்ட்ல யாருக்கு என்ன குத்தணும்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க.

இப்ப பாக்கப் போற எடத்துக்கு வருவோம். இக்மன்ல (பழைய சாமான் விக்கிற வெப்சைட்) பாத்துட்டு படத்த நம்பி பஸ் பார்சல்ல அனுப்ப சொல்லாதீங்க, நேர்ல போங்க, உங்க மைக், ஒரு மல்டிமீட்டர், நல்லா தெரிஞ்ச பாட்டு உள்ள போன், இவ்வளவும் கொண்டு போங்க. வலைய கழட்ட விட்டா கழட்டி, ரெண்டு கை வெரலையும் கோன்ல சரிசமமா வெச்சு மெதுவா உள்ளுக்கு அமத்துங்க, கரகரன்னு ஒரசினா கொயில் கோணியிருக்கு. ஓரத்துல இருக்கிற வளையம் ஸ்பொஞ்ச் மாதிரி போம்ல செஞ்சதுன்னா ஒரு வெரலால தொட்டுப் பாருங்க, உதிர்ந்தா அந்த பொக்ஸ் வேணாம். அடுத்தது மீட்டர், வயர் மாட்டுற எடத்துல வெச்சா 8 ஓம்ஸ் பொக்ஸ் சுமார் 6 காட்டும், அது சரிதான், 8 காட்டலன்னு பயப்பட வேணாம். ஒன்னுமே காட்டலன்னா கொயில் கருகியிருக்கலாம், இல்ல உள்ள வயர் அறுந்திருக்கலாம். ஆனா மீட்டருக்கு தெரியிறது பெரிய ஸ்பீக்கர் மட்டும்தான், ட்வீட்டருக்கு (மேல் சத்தம் குடுக்குற சின்ன ஸ்பீக்கர்) முன்னுக்கு கெபசிட்டர் நிக்கிறதால அது உயிரோட இருக்கான்னு மீட்டர் சொல்லாது. அதுக்கு ட்வீட்டரோட ஹோர்ன் வாய்க்கு கிட்ட காத வெச்சுக்கிட்டு இன்னொருத்தர மைக்ல "சின்ன சின்ன பசு"ன்னு சொல்ல சொல்லுங்க, அந்த "ச" கூர்மையா வரணும். ட்வீட்டர் போயிருந்தா போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். டீஜே ஓடின பொக்ஸ்ல முதல்ல சாகுறது ட்வீட்டர்தான், சின்ன அம்ப கடைசி வரைக்கும் திருகி சத்தம் ஒடைய ஒடைய ஓட்டினதால வர்ற வேல.

மிக்சர்ல எல்லா நொப்பையும் திருகிப் பாருங்க. கரகரப்பு வந்தா பெரிய குத்தம் இல்ல, கொன்டெக்ட் கிளீனர் அடிச்சா பெரும்பாலும் போயிரும், ஆனா வெலைய கொறைக்க நல்ல காரணம். பாட்டு இல்லாம வொலியும ஏத்தினா ம்ம்ம்னு பெரிசா இரையுதுன்னா முதல்ல வயர மாத்தி, வேற ப்ளக்ல குத்திப் பாருங்க, அப்பவும் இரைஞ்சா உள்ள கெபசிட்டர் தேஞ்சிருக்கலாம். கடைசியா, கொறஞ்சது அர மணி நேரம் ஓட விடுங்க. சூடாகினதுக்கு அப்புறம் கட்டாகிற சாமான் நெறைய இருக்கு, அஞ்சு நிமிசத்துல தெரியாது.

ஈரம் நம்ம ஊரோட தனி வியாதி. நுவரெலியா, மஸ்கெலியா பக்கம் மாசக்கணக்கா மூடி வெச்ச பொக்ஸ்னா பின் பக்கத்த மோந்து பாருங்க, பூஞ்சணம் அடிக்கும். பலகை ஊதியிருக்கா, ஸ்குரூ துருப்பிடிச்சிருக்கா, அம்புக்குள்ள கரப்பான் குடித்தனம் நடத்தியிருக்கா, டோர்ச் அடிச்சு பாத்தா தெரியும்.

கரண்ட். ஜப்பான்ல இருந்து வர்ற பழைய சாமான் கடைகள்ல அம்பும் மிக்சரும் அருமையா கிடைக்குது, ஆனா அங்க 100 வோல்ட், இங்க 230. பின்னுக்கு ஒட்டியிருக்கிறத வாசிக்காம குத்தினா ஒரே நொடிதான். 230அ 100 ஆக்குற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வெலையையும், அத தூக்குற பாரத்தையும் கணக்குல சேருங்க. தோட்டத்துல லைன் கடைசியில இருக்கிற எடங்கள்ல பொழுது பட்டா வோல்டேஜ் எறங்கும், லைட் மங்குறத பாத்திருப்பீங்க, அதனால 100 தொடங்கி 240 வரைக்கும்னு எழுதின சாமான் நமக்கு தோது. இன்னும் ஒன்னு, இது வெளையாட்டு இல்ல: பழைய லயத்துலயும் மடுவத்துலயும் (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) எர்த் இல்லாத ப்ளக் நிறைய, கிட்டார் கம்பிய புடிச்சுக்கிட்டு மைக்ல ஒதடு பட்டா சுரீர்னு அடிக்குதுன்னா உடனே நிப்பாட்டிட்டு வயரிங் தெரிஞ்ச ஒருத்தர கூப்பிடுங்க. ட்ரிப் சுவிட்ச் இல்லாத எடத்துல, அதுவும் தரை நனைஞ்சிருக்கிற எடத்துல, பழகவே வேணாம். இரைச்சல் போகுதுன்னு எர்த் வயர வெட்டுற பழக்கம் சில பேருக்கு இருக்கு, அந்த மாதிரி வெட்டின சாமான வாங்கினா முதல் வேல அத திருப்பி மாட்டுறது.

மைக்குக்கு ஷூவர் எஸ்எம்58 போதும், 1966லேருந்து வர்ற மொடல், நிறைய அடி தாங்கும். போலியும் அவ்வளவு இருக்கு. அசலோட பாரம் 298 கிராம், பக்கத்து கடைத் தராசுல வெச்சா தெரிஞ்சிரும், ரொம்ப கொறைஞ்சா போலி, ஆனா சரியா இருந்தாலும் அத மட்டும் வெச்சு அசல்னு முடிவு கட்டாதீங்க.

கையில இருக்கிற காசெல்லாத்தையும் பொக்ஸுக்கே கொட்டிராதீங்க, வயருக்கும் ஸ்டேண்டுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்க. பொக்ஸுக்கு போற வயர் தடிப்பமான ஸ்பீக்கர் வயரா இருக்கணும், ரெண்டு பக்கமும் ஜெக் ஒரே மாதிரின்னு கிட்டார் வயர குத்தினா அது சூடாகும், அம்புக்கும் கூடாது. மைக் வயர் எக்ஸ்எல்ஆரா (மூணு பின் உள்ளது) எடுங்க, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல ஒரு ரவுண்ட் அடிச்சா வெல பேசி எடுக்கலாம்.

கொண்டு வந்து வெக்கிறதுலயும் விசயம் இருக்கு. பொக்ஸ தரையில வெச்சா கால்தான் பாட்டு கேக்கும், ஸ்டேண்ட்ல ஏத்தி காது மட்டத்துக்கு கொண்டு வாங்க. எஸ்எம்58 பின் பக்கத்து சத்தத்த அவ்வளவா எடுக்காது, அதனால மைக்கோட வால் பொக்ஸ பாக்கிற மாதிரி நில்லுங்க, வீல்னு கத்துறது பாதி அடங்கிரும். தகரக் கூரையும் சிமெந்து சுவரும் உள்ள மடுவத்துல எந்த செட் வெச்சாலும் எதிரொலிதான், சுவருக்கு கம்பளி, சாக்கு, பழைய மெத்தன்னு எதையாவது தொங்க விடுங்க. மழ கொட்டுறப்ப தகரத்தோட போட்டி போட்டு வொலியும் ஏத்தாதீங்க, அந்த நேரத்துக்கு டீ குடிக்கலாம்.

இரவு 10 மணியிலிருந்து காலையில 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி போடக் கூடாதுன்னு 2007ல உச்ச நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். விடிஞ்சா பிரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்கிற எடம்) போற சனம் சுத்தி தூங்குது, அவங்க ஒரு தடவ பொலிசுக்கு சொன்னா அதுக்கப்புறம் பழக எடமே கெடைக்காது.

வாங்குறப்ப விக்கிறவர் கையெழுத்தோட சீரியல் நம்பர் எழுதின துண்டு ஒன்னு எடுத்துக்கோங்க, ஏன்னா திருட்டு சாமானும் சுத்துது. குளிர்ல லொறியில வந்த சாமான வந்தவுடனே ஓன் பண்ணாதீங்க, உள்ள ஈரம் பிடிச்சிருக்கும், ஒரு மணி நேரம் அறைக்குள்ள கெடக்கட்டும். ஓன் பண்றப்ப மிக்சர் முதல்ல, அம்ப் கடைசி, ஓஃப் பண்றப்ப அம்ப் முதல்ல.