பல வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவர்களுக்கு

பத்துப் பதினைந்து வருடமாகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) பக்கமே போகாத கத்தோலிக்கர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தனை காலம் தள்ளிப்போகப் பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை, ஏதோ ஒரே ஒரு பாவம்தான் காரணம். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்ற பயத்திலேயே வருடங்கள் ஓடிவிடும், பூசைக்குப் போனாலும் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்காமல் திரும்புவது பழகிவிடும். அந்த ஒன்றுக்கும் மன்னிப்பு உண்டு.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். பங்குச்சாமியாருக்கு (உங்கள் ஊர்க் கோவில் குருவுக்கு) உங்கள் குரல் தெரியும் என்று கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போகலாம், தவறே இல்லை. வேளாங்கண்ணி, பூண்டி மாதா மாதிரி திருத்தலங்களில் உங்களை யாருக்கும் தெரியாது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பல பங்குகளில் வெளியூர் சாமியார்களையும் வரவழைப்பார்கள். ஞாயிறு பூசைக்கு முன்னால் நேரம் குறைவாக இருக்கும், அதனால் ஒரு வார நாளில் போய் “சாமி, பாவசங்கீர்த்தனம் செய்யணும், ரொம்ப வருஷமாச்சு” என்று கேளுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் சந்தோஷப்படுகிற சாமியார்கள்தான் அதிகம்.

அடுத்தது ஆத்தும சோதனை. பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே தவறினேன் என்று அமைதியாக யோசியுங்கள். எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவர மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கனமான விஷயம், தெரிந்தே செய்தது, மனம் ஒப்பிச் செய்தது, இந்த மூன்றும் சேர்ந்தவை சாவான பாவங்கள். அவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், முடிந்தவரை எத்தனை முறை என்பதையும் சேர்த்து.

உள்ளே போனதும் கம்பி வலைக்குப் பின்னால் முழங்கால் போடலாம், வசதி இருந்தால் நேருக்கு நேர் உட்காரவும் செய்யலாம், அது உங்கள் விருப்பம். சிலுவை அடையாளம் போட்டு, “என்னை ஆசீர்வதியும் சுவாமி, நான் பாவி. கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து ஏறக்குறைய இத்தனை வருடம் ஆகிறது” என்று தொடங்குங்கள். அப்புறம், பயந்துகொண்டிருந்த அந்தப் பாவத்தையே முதலில் சொல்லிவிடுங்கள். அது வெளியே வந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

எப்படிச் சொல்வது? “சொத்துப் பிரச்சினையில் அண்ணன் ஏமாற்றினான், அண்ணியும் அப்படித்தான், அதனால் நான் பேசுவதில்லை” என்றால் அது அண்ணனுடைய பாவசங்கீர்த்தனம். “அண்ணன்மேல் நான்கு வருடமாகப் பகை வைத்திருக்கிறேன், அவர் கெட்டுப்போகணும் என்று பலமுறை நினைத்தேன்” என்றால் அது உங்களுடையது. கதை வேண்டாம், பெயர்கள் வேண்டாம், நீங்கள் செய்ததை மட்டும் சொன்னால் போதும். வார்த்தை வராவிட்டால் “சாமி, சொல்லக் கஷ்டமாக இருக்கு” என்றே சொல்லுங்கள், அவர் கேள்வி கேட்டு உதவுவார்.

நீங்கள் சொன்னது வெளியே போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். கேட்டதை நேரடியாக வெளியிடும் குரு அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார், அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் ரோமைக்குத்தான் உண்டு. கொலையே ஆனாலும் இதில் விதிவிலக்கு இல்லை. கருக்கலைப்புச் செய்த வேதனையோடு ஒதுங்கியிருக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016 நவம்பரில் போப் பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். ஆயரை (பிஷப்பை) தேடிப் போக வேண்டியதில்லை, தயவுசெய்து போங்கள்.

சொல்லி முடித்ததும் சாமியார் ஏதாவது புத்தி சொல்லி, அபராதமாக, அதாவது பாவத்துக்குப் பரிகாரமாக, சில செபங்களோ ஒரு நற்செயலோ கொடுப்பார். பிறகு நீங்கள் மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்காக வருந்திச் சொல்லும் செபம்) சொல்ல வேண்டும். மறந்துபோயிருந்தால் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் “இயேசுவே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்” என்று மனதாரச் சொன்னாலும் சரி. பிறகு சாமியார் உங்கள்மேல் கையை நீட்டிப் பாவமன்னிப்பு வழங்குவார். அந்த நேரம் அடுத்தது என்ன என்று யோசிக்காமல் அந்த வார்த்தைகளை மட்டும் கேளுங்கள். பலருக்குக் கண்ணீர் வரும், சிலருக்கு ஒன்றுமே தோன்றாது, மன்னிப்பு இருவருக்கும் ஒன்றுதான்.

அபராதத்தை அன்றைக்கே முடித்துவிடுங்கள். திருடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வழி பாருங்கள், யாருடைய பெயரையாவது கெடுத்திருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு பாவத்தை மறந்துவிட்டது தெரிந்தால் பதற வேண்டாம், அதுவும் மன்னிக்கப்பட்டதுதான், கனமானது என்றால் அடுத்த முறை சொன்னால் போதும். வேண்டுமென்றே மறைத்திருந்தால் மட்டும் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது, திரும்பப் போய் மறைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதற்கும் அதே சாமியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை.