சைபர் சட்டங்களும் நம் அந்தரங்கமும்: எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

சைபர் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரைக் கேட்டதும் அது நம் அந்தரங்கத்தைக் காக்க வந்த சட்டம் என்று எடுத்துக்கொள்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சைபர் பாதுகாப்பின் வேலை வேறு. வங்கி, மின்சாரம், தொலைத்தொடர்பு போன்றவற்றின் கணினிகள் தாக்கப்படாமல் இருக்க வேண்டும், தாக்கினால் யார் என்று பிடிக்க வேண்டும். அதற்குத் தரவு நிறைய வேண்டும், நீண்ட காலம் வேண்டும். அந்தரங்கத்துக்கு வேண்டியதோ நம்மைப் பற்றிய தரவு குறைவான இடங்களில், குறைவான காலம் இருப்பது. ஆகவே இரண்டும் அடிக்கடி முட்டிக்கொள்ளும்.

2022 ஏப்ரல் 28 அன்று கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவில் இந்த முட்டல் அப்பட்டமாகத் தெரியும். ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் யாராவது ஊடுருவியது தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்பிடம் சொல்ல வேண்டும் என்றது அந்த உத்தரவு. மூடி மறைக்கும் பழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதே உத்தரவு, விபிஎன் (நம் இணையப் பயன்பாட்டை இடையில் வேறொரு சர்வர் வழியே மறைத்து அனுப்பும் சேவை) மற்றும் கிளவுட் (கணினி இடத்தை இணையம் வழியே வாடகைக்கு விடும் சேவை) தருபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஒதுக்கிய ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்), எதற்காகச் சேவை எடுத்தார் என்பது வரை எல்லாவற்றையும், அவர் விலகிப் போன பிறகும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. இதற்கு இணங்க விரும்பாத நார்ட்விபிஎன், எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் ஆகிய விபிஎன் நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன.

அதற்குப் பிறகு பரவிய தவறு, "விபிஎன் வைத்திருந்தாலே குற்றம்" என்பது. சாதாரணமாக ஒருவர் விபிஎன் பயன்படுத்துவதை நாடு முழுக்கத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை. ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் அவ்வப்போது தனியாகத் தடை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பிளே ஸ்டோரில் கிடைக்கும் ஏதோ ஒரு இலவச விபிஎன்னைப் போட்டுக்கொண்டு, இனி நம்மை யாரும் பார்க்க முடியாது என்று நம்புவது. நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பது அதுவரை உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரிந்தது. இனி அது அந்த விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். பெயர் தெரியாத அந்த ஆளை அதிகம் நம்பக் காரணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நான் அதிகம் கேட்கிற ஒன்று: "அதான் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே!" டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது உண்மை. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் எல்லாம் ஒரே நாளில் அமலாகவில்லை. நம்மிடம் முறையாகச் சம்மதம் வாங்குவது, கேட்டால் தரவை அழிப்பது, கசிந்தால் நமக்குச் சொல்வது என்று நமக்கு வேண்டிய முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது 2027 மே வரை. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றும் பகுதி உடனே அமலுக்கு வந்துவிட்டது. முன்பு ஒரு அதிகாரியின் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுத்தால், அது பொதுப்பணியோடு தொடர்புடையதா, பொதுநலன் இருக்கிறதா என்று அந்தப் பிரிவை வைத்தே வாதாடலாம். இப்போது தனிப்பட்ட தகவல் என்ற ஒரு காரணம் போதும். 8(2) பிரிவில் பொதுநலன் வாதம் இன்னும் இருக்கிறது, மனுப் போடுபவர்கள் அதைக் குறிப்பிட மறக்கக் கூடாது. அந்தரங்கத்தைக் காக்கப் பிறந்த சட்டம் முதலில் செய்த வேலை அரசைக் கேள்வி கேட்பதைக் கடினமாக்கியது என்பது எனக்கு வருத்தம்தான்.

இதே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதைப் படித்துவிட்டு, தகவல் கசிந்தால் நமக்கு நஷ்டஈடு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் கைக்கு ஒரு ரூபாயும் வராது. நஷ்டஈடு கேட்க வழி இருப்பது பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில். கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு போன்றவற்றை ஒரு நிறுவனம் அலட்சியமாகக் கையாண்டு உங்களுக்கு இழப்பு வந்தால், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் மனுக் கொடுக்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. புதிய சட்டம் முழுதாக அமலாகும்போது 43ஏ நீக்கப்படும். ஆகவே இப்போது பாதிக்கப்பட்டிருப்பவர்கள் தள்ளிப்போடாமல் ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

அரசுக்கும் இந்தப் புதிய சட்டம் நிறுவனங்களுக்குப் போலவே பொருந்தும் என்று நினைப்பதும் சரியில்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு ஓர் அறிவிப்பின் மூலம் முழு விலக்கு தர 17(2) பிரிவு இடம் தருகிறது. "நான் தப்பு எதுவும் செய்யவில்லை, அரசு பார்த்தால் என்ன?" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசிடம் போன தகவல் அரசிடமே நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2023 ஜூனில் டெலிகிராம் செயலியில் தானாகப் பதில் தரும் ஒரு பாட்டில் (bot) கைபேசி எண்ணைப் போட்டால், கொரோனா தடுப்பூசிக்குக் கொடுத்த அடையாள அட்டை எண் முதல் ஊசி போட்ட இடம் வரை வந்து விழுந்தது. தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்றது மத்திய அரசு. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்துவிட்டார். ஊசி போடப் போனவர் என்ன தப்புச் செய்தார்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். குற்றம் செய்தவருக்கான சலுகையாக அவர்கள் அதைச் சொல்லவில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நாமே கொடுத்துவிட்டு வருவதைப் பார்ப்போம். எந்த ஊர் ஜெராக்ஸ் கடையிலும் இது நடக்கிறது. "வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார், பிரின்ட் எடுத்துடலாம்" என்பார்கள். நாமும் ஆதார் பிடிஎஃப்பை அனுப்புவோம். அது அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் போய் உட்காரும், ஏற்கனவே அங்கே இருக்கும் மற்றவர்களின் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றோடும். பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதியடைய முடியாது. பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தப் பாஸ்வேர்டு. கடைக்காரர் கேட்டால் அதையும் சத்தமாகச் சொல்லிவிடுகிறோம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வைரஸ் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அடையாளம் காட்ட மட்டும் என்றால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எண்ணையே கேட்கும் இடங்களில் ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் 16 இலக்க விஐடி எண்ணைக் கொடுக்கலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளை நகலெடுத்து, ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் கணக்கைக் காலி செய்த மோசடிகள் வடமாநிலங்களில் நடந்திருப்பதால் இது முக்கியம். பூட்டினால் ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது ஏற்காது, போகும் முன் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போங்கள். துணிக்கடையில் பில் போடக் கைபேசி எண் கேட்டால் தர மறுக்கலாம். எண் தராததால் பொருள் தர மறுக்கக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023-லேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

வாட்ஸ்அப் பற்றியும் ஒரு தப்பான நிம்மதி இருக்கிறது. செய்தி போகும் வழியில் யாரும் படிக்க முடியாது, சரி. ஆனால் கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்புக்கு என்க்ரிப்ஷன் என்ற ரகசியப் பூட்டை நீங்களாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். செட்டிங்ஸில் சாட் பேக்கப் பகுதியில் இருக்கிறது. யாரோடு, எப்போது பேசினீர்கள் என்பதை இந்தப் பூட்டு மறைக்காது. இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போடப்பட்ட வழக்கு, செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வியாக மாறியது. முடியும் என்று ஒரு வழியை முன்வைத்தார் சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி. 2021-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனாளர்கள் உள்ள செய்திச் செயலிகள் முதலில் அனுப்பியவரைக் காட்டித்தர வேண்டும் என்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லோருடைய செய்தியிலும் அடையாளம் பதிக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

அப்புறம், சட்டத்தின் பெயரைச் சொன்னாலே பயந்துவிடுவது. பதிவு ஒன்றுக்காக "66ஏ-ல் உள்ளே போட்டுவிடுவேன்" என்று யாராவது மிரட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. வீடியோ அழைப்பில் காக்கி உடையோடு வந்து "டிஜிட்டல் கைது" என்றால், அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 எண்ணை அழையுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

இதெல்லாம் டெல்லியில் முடிவாகிற விஷயம், நாம் பேசி என்ன ஆகும் என்று விட்டுவிடுவதைத்தான் நான் பெரிய தவறாக நினைக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில், விற்கும் எல்லாக் கைபேசிகளிலும் அரசின் கைபேசிப் பாதுகாப்புச் செயலியான சஞ்சார் சாத்தியை முன்கூட்டியே போட்டுத்தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. விஷயம் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3-ஆம் தேதி அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது. தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவுக்கும் 2025 தொடக்கத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அடுத்த வரைவு வரும்போது கடைசித் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு, உங்களைப் பாதிக்கிற ஒரே ஒரு விதியைப் பற்றியாவது நாலு வரி எழுதி அனுப்புங்கள்.